நான்கு உதை, ஓர் அரை இடம்

1974 செப்டம்பர் 21ஆம் தேதி பிரிட்டனின் இசைத்தட்டுத் தரவரிசையில் ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ முதலிடத்தைப் பிடித்தது. மூன்று வாரம் அங்கேயே இருந்தது. டிசம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு ஏறி இரண்டு வாரம் நின்றது. பாடியவர் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ். ஒலிப்பதிவை நடத்தியவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிட்டு அப்பையா. திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் போய்ச் சேர்கிற ஊர் அது. அங்கிருந்து லண்டன் போன ஒருவரின் கைபட்ட தட்டு, ஒரு கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். போளூர், செங்கம், திருக்கோவிலூர், வேலூர் என்று மெல்லிசைக் குழுக்களோடு வேனில் சுற்றிய காலம் முடிந்து, இப்போது திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம், செங்கம் சாலையைத் தாண்டி உள்ளே போகிற தெரு ஒன்றில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மௌனத்தைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிற பகுதி இது. மாலை ஐந்து மணிக்கு ஆசிரமத்தில் வேத பாராயணம். ஆறரைக்குத் தமிழ்ப் பாராயணம். அந்த நேரங்களில் என் வீட்டில் யாரும் குச்சியைத் தொடுவதில்லை. மற்ற நேரங்களிலும் ஸ்நேர் மேல் ரப்பர் மெத்தை, பாஸ் டிரம்முக்குள் பழைய கம்பளி, சிம்பல் மேல் துணி. அக்கம்பக்கத்தார் யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. இந்தக் கட்டுப்பாட்டால் எனக்கு நன்மைதான் விளைந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டால் மிஞ்சுவது காலம் மட்டுமே. அடி சரியான இடத்தில் விழுந்ததா, இல்லையா என்பதை மறைக்க எதுவும் இருக்காது.

என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது டிஸ்கோ காலத்துப் பாட்டுகளைத்தான். பெற்றோர் சிலருக்கு அது பிடிப்பதில்லை. கோயில் ஊரில், அதுவும் ஆசிரமத்தின் வாசலில், இதையா கற்றுக்கொடுப்பது என்கிறார்கள். பிள்ளைகளின் குறை வேறு மாதிரி: “மாஸ்டர், இதுல என்ன இருக்கு? ஒரே அடிதானே?” அந்த ஒரே அடியை மூன்று நிமிடம் மாறாமல் அடித்துக் காட்டு தம்பி என்பேன். ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் வேகம் கூடிவிடும், அல்லது கால் கனத்துப் பின்வாங்கும், அல்லது கை தன்னிச்சையாக ஒரு ரோல், அதாவது உருட்டல் அடி, எடுத்துவிடும். அப்போதுதான் பாடம் தொடங்குகிறது.

டிஸ்கோ அடியின் அமைப்பை நம் கணக்கில் சொல்லிவிடுகிறேன். ஓர் அட்சரத்தைத் தகதிமி என்று நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ‘த’விலும் வலது கால் பாஸ் டிரம்மை உதைக்கிறது. நாலு அட்சரத்துக்கு நாலு உதை, ஒன்றுகூட விடுபடாது. இரண்டாம், நாலாம் அட்சரத்தில் ஸ்நேர். இதில் உயிர் ஹை-ஹாட்டில் இருக்கிறது. ‘தி’ வருகிற இடத்தில், அதாவது அரை இடத்தில், இடது கால் பெடலைத் தளர்த்தி இரண்டு தகடுகளையும் திறக்கிறது. அப்போது குச்சி படுகிறது. அடுத்த ‘த’ வரும்போது கால் அதை மூடிவிடுகிறது. ‘ஸ்ஸ்’ என்று எழுந்து ‘ப்’ என்று அடங்கும் அந்த ஒலிதான் ஆடுகிறவரின் பாதத்தைத் தரையிலிருந்து தூக்குகிறது. வலது கால் தரைக்கு இழுக்கும், இடது கால் மேலே தூக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்துகொண்டே ஒரே காலத்தில் இருக்க வேண்டும். இதைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கால்களால் மட்டுமே செய்யச் சொல்வேன். சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

இந்த அடியை உலகத்துக்குக் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஃபிலடெல்ஃபியாவின் ஏர்ல் யங்கைத்தான் சொல்வேன். 1973இல் ஹெரால்ட் மெல்வின் அண்டு தி புளூ நோட்ஸ் குழு பாடிய ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் நாலு உதையும் திறந்து மூடும் ஹை-ஹாட்டும் தெளிவாக வந்துவிட்டன. சோகப் பாட்டாகத் தொடங்கியிருக்க வேண்டியது அவர் காலால் ஆட்டப் பாட்டாயிற்று. அதற்கு மேல் வயலின் கூட்டம், பித்தளைக் குழல்கள், ஏறி இறங்கும் பாஸ் கிட்டார். டிரம்மர் அசையாமல் நின்றால்தான் மற்றவர்கள் இவ்வளவு அலங்காரம் செய்ய முடியும். அந்தத் தட்டை என் மாணவர்களிடம் கேட்கச் சொல்லும்போது, பாடகரை மறந்துவிட்டு இடது காலை மட்டும் கேளுங்கள் என்பேன்.

தொடக்கத்தில் சொன்ன பிட்டு லண்டனுக்குப் போனது 1967இல். அதற்கு முன் பெங்களூரில் ட்ரோஜன்ஸ் என்ற குழுவில் கிட்டார் வாசித்துப் பாடியவர்; கல்கத்தா, பம்பாய் கிளப்களிலும் வாசித்திருக்கிறார். சிறு வயதில் அவர் மேல்நாட்டுப் பாட்டுகளைக் கேட்டது இலங்கை வானொலியில். இதைப் படித்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. எங்கள் தலைமுறைக்கும் காது திறந்தது அந்த அலைவரிசையில்தான். தமிழ்ப் பாட்டு ஒரு நேரம், இந்தி ஒரு நேரம், ஆங்கிலம் ஒரு நேரம். எதையும் அந்நியம் என்று ஒதுக்காமல் அடுத்தடுத்துக் கேட்டோம். கொழும்பிலிருந்து வந்த அந்த ஒலி பெங்களூர்ப் பையன் ஒருவனை லண்டன் வரைக்கும் அனுப்பியிருக்கிறது.

இப்போது ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ பத்தே நிமிடத்தில் பதிவான கதைக்கு வருகிறேன். ஒலிப்பதிவுக்கு எடுத்த நேரம் மூன்று மணி. தட்டின் முதல் பக்கத்துக்கு என்று வைத்திருந்தது லாரி வைஸ் எழுதிய ‘ஐ வான்ட் டு கிவ் யூ மை எவ்ரிதிங்’. அதைப் பதிவு செய்யவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. தட்டு என்றால் மறுபக்கமும் வேண்டுமே! உன்னிடம் ஏதாவது பாட்டு இருக்கிறதா என்று பிட்டு கேட்க, கார்ல் டக்ளஸ் தான் எழுதிவைத்திருந்தவற்றை எடுத்துக் காட்டினார். அதில் ஒன்றைத் தேர்ந்து, அங்கேயே மெட்டுக் கட்டி, மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் இரண்டே முறை வாசித்துப் பதிவை முடித்தார்கள். இடையிடையே வரும் ‘ஹூ’, ‘ஹா’ சத்தங்களும் அப்போது சேர்ந்தவையே. தட்டை வெளியிட்ட பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் கேட்டவர்கள், மறுபக்கத்துப் பாட்டுதான் முதல் பக்கத்துக்கு வர வேண்டும் என்று மாற்றினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுகிறார்கள். வாசிக்கிறவனுக்கு அது அப்படித் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். மைக்குகள் எல்லாம் உரிய இடத்தில் நின்றுவிட்டன. டிரம்மின் தோல் அறையின் குளிருக்கோ சூட்டுக்கோ பழகிவிட்டது. ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் பிடித்துவிட்டார். வாசித்தவர்கள் தினமும் இதே வேலையாக இருக்கிற ஸ்டூடியோ கலைஞர்கள். இரண்டு மணி நேரம் ஒன்றாக வாசித்ததில் ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது. டிரம்மரின் காலும் பாஸ் கிட்டாரின் விரலும் ஒட்டிக்கொண்டாயிற்று. பெரிதாக எதையும் சாதிக்க வேண்டும் என்ற பயமும் இல்லை, ஏனென்றால் மறுபக்கத்தை யாரும் கேட்கப்போவதில்லை என்ற நினைப்பு. ஒரு குழுவுக்கு இதைவிட நல்ல நிலை அமையாது. கச்சேரியிலும் நான் இதைக் கண்டிருக்கிறேன்: முதல் மூன்று பாட்டுகளில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாசிப்போம், நடுராத்திரியை நெருங்கும்போது கூட்டம் பாதி கலைந்திருக்கும், ஆனால் அப்போதுதான் குழு ஒன்றாகியிருக்கும். அந்த நேரத்தில் யாராவது டேப் ஓடவிட்டிருந்தால் என்று பல முறை ஏங்கியிருக்கிறேன்.

‘குங்ஃபூ ஃபைட்டிங்’கின் காலம் நிமிடத்துக்கு நூறு அட்சரத்தைச் சற்றே தாண்டும். பின்னால் வந்த டிஸ்கோ பாட்டுகள் பல 120க்குப் போயின. நூறை ஒட்டிய காலம் கடினமானது. 120இல் வேகமே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். நூறில் நீங்கள்தான் ஒவ்வோர் அடியையும் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இதற்கு எங்கள் பகுதியிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. செங்கம் சாலை, அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. மொத்தம் 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் முடியாது. சாதாரண நாளில் விடியும் முன் மாணவர்களை அழைத்துக்கொண்டு நடப்பேன். உதட்டை அசைக்காமல் மனத்துக்குள் தகதிமி சொல்லிக்கொண்டே, ‘த’வில் பாதம் பட வேண்டும். திடமாக நடக்கிறவரின் காலடி நிமிடத்துக்கு நூறை ஒட்டித்தான் விழும். மெட்ரோனோம் காதுக்குச் சொல்வதை இந்த நடை உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. நிறைமாத ராணி நடப்பதுபோல மெல்ல வலம் வர வேண்டும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் செய்யச் சொல்வேன். காலத்தைப் பாதியாகக் குறைத்து நடந்தால், இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள வெளி எவ்வளவு நீளமானது என்பது தெரியும். அந்த வெளியில் அவசரப்படாமல் இருக்கப் பழகியவன் எந்த வேகத்திலும் தடுமாற மாட்டான். மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் காலத்தில் நிறுத்திவைத்துச் சாதகம் செய்யச் சொல்வதும் இதற்காகவே.

தரவரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பிட்டுவின் பாட்டு மேலே ஏறிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய பிரிட்டனில் நாடெங்கும் தேர்ந்தெடுத்த சில நூறு கடைகள், எந்தத் தட்டு எத்தனை விற்றது என்று நோட்டில் குறித்து வாரம்தோறும் தபாலில் அனுப்பும். அதைக் கூட்டிக் கணக்கிட்டு பிபிசி வானொலியில் அறிவிப்பார்கள். வானொலியில் ஒலிக்காத பாட்டு கடையில் விற்காது என்பதுதான் பொது விதி. ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ வெளிவந்து முதல் சில வாரங்கள் வானொலி அதைத் தொடவே இல்லை. நடனக் கூடங்களில் தட்டு போடுகிறவர்கள் போட்டார்கள். ஆடியவர்கள் மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டார்கள். அமெரிக்காவிலும் அந்த ஆண்டு இதுதான் நடந்துகொண்டிருந்தது. ‘ராக் தி போட்’, ‘ராக் யுவர் பேபி’ இரண்டும் 1974 ஜூலையில் அடுத்தடுத்து முதலிடம் பிடித்தவை. கிளப்களில் ஆடியவர்கள்தான் முதலில் தூக்கிவிட்டார்கள். காது முடிவு செய்வதற்கு முன் கால் முடிவு செய்துவிட்டது. குங்ஃபூ நடிகர் ப்ரூஸ் லீ 1973 ஜூலையில் இறந்து, ‘என்டர் தி டிராகன்’ உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதும் உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குங்ஃபூ மோகத்தை நம்பி வந்த மற்றவை எத்தனையோ மறந்துபோயின. இது இன்றைக்கும் போட்டால் ஆடவைக்கிறது.

எனக்குத் தெரிந்து நமக்கு அப்படி ஒரு தமிழ்த் தரவரிசை இருந்ததில்லை. இந்திக்கு 1952இலிருந்து இலங்கை வானொலியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா இருந்தது. எங்களுக்குத் தரவரிசை என்பது மேடைக்கு வந்து சேரும் துண்டுச் சீட்டுகள்தான். எந்தப் பாட்டுக்கு எத்தனை சீட்டு, எதற்கு ‘ஒன்ஸ் மோர்’, சவுண்ட் சர்வீஸ்காரர் எந்த கேசட்டைத் தேயத் தேயப் போடுகிறார் என்பதை வைத்துத்தான் அடுத்த ஊருக்குப் பாட்டுப் பட்டியல் எழுதுவோம். அந்தச் சீட்டுகளில் 1980க்குப் பின் ஓர் இந்திப் பாட்டு விடாமல் வந்துகொண்டிருந்தது. ‘குர்பானி’ படத்தின் ‘ஆப் ஜைஸா கோயி’. அதுவும் பிட்டுவின் கைவேலை. லண்டனில் பதிவு செய்தார். பாடிய நாசியா ஹசனுக்கு அப்போது பதினைந்து வயது. மெல்லிய குரல், அதை இரட்டித்துப் பதிவு செய்ததில் பக்கத்தில் இன்னொருத்தி சேர்ந்து பாடுவதுபோல ஒரு நிழல் விழும். அடுத்த ஆண்டே ஃபிலிம்ஃபேர் விருது. இந்தி ஒரு வார்த்தை தெரியாத ஊர்களில் அந்தப் பாட்டைக் கேட்டு எழுதி அனுப்புவார்கள். பாடகியை விட்டுவிட்டு நானும் பாஸ் கிட்டார்க்காரரும் மட்டும் அதன் தாளத்தை வாசித்தாலே கூட்டத்துக்கு இன்ன பாட்டு என்று தெரிந்துவிடும்.

தமிழில் அந்த அடியைத் தனதாக்கிக்கொண்டவர் இளையராஜா. 1982இல் ‘சகலகலா வல்லவன்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘இளமை இதோ இதோ’வுக்கு இன்றுவரை ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவிலும் தமிழ்நாடு ஆடிக்கொண்டிருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரே நாளில் ஒரே பாட்டு என்றால், எந்தத் தரவரிசையும் அதற்கு ஈடாகாது. இளையராஜாவிடம் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் அடிகளைக் கேட்டுத்தான் எங்கள் மாவட்டத்து டிரம்மர்கள் எல்லோரும் வளர்ந்தோம். ரோல் எங்கே எடுக்க வேண்டும் என்பதைவிட எங்கே எடுக்கக் கூடாது என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

‘குங்ஃபூ ஃபைட்டிங்’கில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சின்ன இசைத்துணுக்கு. ஐந்து சுரத்துக்குள் அடங்கும் அதைச் சீனத்தின் அடையாளம் என்று மேல்நாட்டார் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். சீனர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மகுடி மெட்டு ஒன்றைப் போட்டு இந்தியா என்று காட்டுவார்களே, அதே சோம்பல். பெங்களூர்க்காரர் அதைத் தவிர்த்திருக்கலாம். என் மாணவர்கள் அந்தத் துணுக்கை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் வாசிக்கிறார்கள். பாட்டுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

பிட்டு 1976 மார்ச்சில் டீனா சார்லஸ் பாடிய ‘ஐ லவ் டு லவ்’ மூலம் மீண்டும் மூன்று வாரம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். பத்து நிமிடக் கதையை அதிர்ஷ்டம் என்பவர்கள் இந்த இரண்டாம் முதலிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1995இல் அலிஷா சினாய் பாடிய ‘மேட் இன் இந்தியா’வும் அவர் இசையே.

இன்னொரு பாட்டைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். பீ ஜீஸின் ‘ஸ்டேயிங் அலைவ்’. 1977இல் பிரான்ஸில் பதிவு செய்துகொண்டிருந்தபோது டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பத்தில் நேர்ந்த துயரத்தால் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு வாசித்துவைத்திருந்ததிலிருந்து இரண்டு ஆவர்த்த அளவு டேப்பை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். பாட்டு முழுவதற்கும் அடித்தளம் அந்த இரண்டு ஆவர்த்தமே. 1978 தொடக்கத்தில் அமெரிக்காவில் நாலு வாரம் முதலிடம். அப்படியானால் இயந்திரம் போதுமே, டிரம்மர் எதற்கு என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நான் சொல்கிற பதில் இது: அந்த டேப்பில் இருந்தது ஒரு மனிதனின் கால். ஸ்நேர் இம்மியளவு பின்னால் சாய்கிறது. அந்தச் சாய்வு இருந்ததால்தான் எத்தனை முறை சுற்றினாலும் சலிக்கவில்லை. (அந்தப் பாட்டின் காலம் நிமிடத்துக்கு 103 என்பதால், நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்கும் முதலுதவியைக் கற்பிப்பவர்கள் அதையே எடுத்துக்காட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது அவர்கள் விதி. காலம் பிசகாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் இதையும் கற்றுவைத்துக்கொள்வது நல்லது.)

எங்கள் மாவட்டத்தில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் சூரியன் வந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். சிறு வயதில் அவர்கள் காலடியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அத்தனை மணி நேரமும் காலம் நழுவாது. நழுவினால் ஆடுகிறவரின் சலங்கை காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டத்துக்கு வாசிப்பவன் தன் திறமையைக் காட்ட வேண்டியவன் இல்லை, ஆடுகிறவர் நம்பிக் கால் வைக்கத் தரையாக இருக்க வேண்டியவன் என்பதை அங்கே கற்றேன். பிறகு ஏர்ல் யங்கைக் கேட்டபோது எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றவில்லை. டிஸ்கோவையும் கூத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று யாராவது நினைத்தால், இரண்டுக்கும் ஒரு ராத்திரி முழுக்க ஆடிப் பார்க்கட்டும்.

இன்று குழுக்களில் டிரம்ஸ் குறைந்துவிட்டது. ஒருவர் ரிதம் பேடை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். அதில் எல்லாச் சத்தமும் இருக்கிறது. பல பாட்டுகளுக்குத் தாளமே முன்கூட்டிப் பதிவாகி ஓடுகிறது. பேட் வாசிப்பவர்களில் நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கால் வேலை போய்விட்டது. இரண்டு காலும் எதிரெதிராக இயங்கி ஒரே காலத்தைப் பிடிக்கும் அந்த வித்தையை மேடையில் பார்க்காமல் வளர்கிற பிள்ளைக்கு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என்னிடம் வந்து கற்று முடித்தவர்கள் சிலருக்கு வாசிக்க மேடை இல்லை.

ஆகவே திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மெல்லிசைக் குழுவைப் பேசி முடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கொடுக்கும்போதே “டிரம்ஸ் உண்டா?” என்று கேளுங்கள். வேனில் இடம் அதிகம் பிடிக்கும், மேடைக்கு வாடகை சற்றுக் கூடும், மைக் நாலைந்து கூடுதலாக வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஒப்புக்கொண்டு டிரம்மரை வரவழையுங்கள்.